ரயில் இன்ஜின்களைத் தூக்கி வந்த கடல் தேனீக்கள்!

தென்கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்தில் கடல் தினமும் இரண்டு முறை காணாமல் போகும். ஓதம் ஏறும்போது கரையை முட்டி நிற்கும் தண்ணீர், இறங்கும்போது சுமார் ஒன்பது மீட்டர் வடிந்துவிடும். மிஞ்சுவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான். அதில் தரைதட்டிய கப்பல், அடுத்த ஓதம் வரும்வரை அசைய முடியாது.

1950 ஜூனில் வடகொரியப் படை தெற்கே புகுந்து, நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. அதன் முதுகுக்குப் பின்னால் படையை இறக்க, ஜெனரல் மெக்கார்தர் தேர்ந்தெடுத்தது இந்தச் சேற்றுத் துறைமுகத்தைத்தான். செப்டம்பர் 15 காலை ஓதத்தில் வொல்மிடோ தீவு, மாலை ஓதத்தில் நகரம் என்பது திட்டம். நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல், தீவில் இறங்கியவர்களுக்குக் கடல்வழியே உதவி வர வழியில்லை.

வீரர்கள் இறங்கினால் மட்டும் போதுமா? டாங்கி, குண்டு, மருந்து, சாப்பாடு எல்லாம் கரையேற வேண்டுமே! அந்த வேலைக்கு வந்தவர்கள்தான் 'சீபீஸ்' எனப்படும் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படையினர்.

பெயர் வந்த கதை

1941 டிசம்பரில் பசிபிக் கடலின் வேக் தீவு ஜப்பான் வசம் விழுந்தது. அங்கே கடற்படைத் தளம் கட்டிக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிவிலியன் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் 98 பேர் 1943-ல் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிவிலியன் துப்பாக்கி எடுத்தால் போர்க்கைதிக்கு உரிய பாதுகாப்புகூடக் கிடைக்காது. எனவே, கட்டுபவர்களே சீருடை அணிந்து சண்டையும் போடட்டும் என்று 1942 தொடக்கத்தில் இந்தப் படையை உருவாக்கினார் அட்மிரல் பென் மொரீல். ஆங்கிலத்தில் 'கட்டுமானப் பட்டாலியன்' என்பதன் முதல் எழுத்துகள் சி, பி. அதுவே 'சீபீ', அதாவது கடல் தேனீ ஆனது.

ஆரம்பத்தில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 37. தச்சர், வெல்டர், கிரேன் ஓட்டுநர் எனத் தொழில் தெரிந்த கைகள். இரண்டாம் உலகப் போரில் 3,25,000-க்கும் மேற்பட்டோர் பணியாற்றிய இந்தப் படையில், கொரியப் போர் தொடங்கியபோது மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 3,300 பேர்தான்.

பாலமும் ரயிலும்

இஞ்சியோனில் அவர்களின் ஆயுதம், உள்ளே காற்று மட்டுமே இருக்கும் இரும்புப் பெட்டிகள். அவற்றை வரிசையாகக் கோத்தால் மிதக்கும் பாலம் தயார். இழுக்கும் நீரோட்டம், பாயும் குண்டுகள் இவற்றுக்கு நடுவே, முதல் தாக்குதல் நடந்த சில மணி நேரத்திலேயே பாலங்களை அமைத்துவிட்டார்கள்.

அடுத்து இன்னொரு சிக்கல். இறங்கிய சரக்கு துறைமுகத்திலேயே தேங்கியது. சீபீஸில் சிலர் எதிரியின் பகுதிக்குள்ளேயே புகுந்தார்கள். யோங்டங்போவில் நின்ற எட்டு ரயில் இன்ஜின்களை, மோர்ட்டார் குண்டுகளுக்கு நடுவே ஓட்டி வந்து சேர்த்தார்கள். 'மாபெரும் சீபீ ரயில் கொள்ளை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது!

இந்த வெற்றிக்கு வேறொரு விலையும் உண்டு. தரையிறங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, செப்டம்பர் 10 அன்று, அமெரிக்க விமானங்கள் வொல்மிடோவில் நேபாம் குண்டுகளை வீசின. அதில் தீவின் கிராமவாசிகள் சுமார் நூறு பேர் இறந்ததைத் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008-ல் உறுதி செய்தது. பாலம் போட்டவர்களின் சாகசத்தைச் சொல்லும்போது, அந்தக் கரையில் வாழ்ந்தவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.