இரண்டாம் முறை நடை பயிலுதல்

குழந்தை முதன் முதலாகத் தத்தித் தத்தி நடக்கும்போது வீடே கூடி நின்று கை கொட்டி மகிழ்கிறது. பாரிச வாயுவினால் ஒரு பக்கம் செயலற்றுப் போன பெரியவர் மறுபடியும் நடை பயில முயன்றாலோ, அதே வீட்டார், "வேண்டாம், விழுந்துவிடப் போகிறீர்கள்!" என்று படுக்கையில் கிடத்திவிடுகிறார்கள். அன்பினால் செய்யும் காரியந்தான். ஆனால், அதனால் விளைவது நன்மை அல்ல.

1959-ஆம் வருஷத்தில் பெட்ரோ பாக்-இ-ரீட்டா என்னும் ஸ்பானிஷ் கவிஞரைப் பாரிச வாயு தாக்கியது. நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியராயிருந்தவர் அவர். பேச்சும் நடையும் போயின. தேறுவார் என்ற நம்பிக்கை இல்லை என்று கூறிவிட்டார்கள். வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அவருடைய குமாரர் ஜார்ஜ், தந்தைக்கு முதலில் நடக்கக் கற்பிக்கவில்லை, தவழக் கற்பித்தார்! பலமற்ற தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அந்த ஆசிரியர் மாதக்கணக்கில் தவழ்ந்தார். பிறகு எழுந்து நின்றார், நடந்தார், கல்லூரிக்குத் திரும்பிப் பாடமும் நடத்தினார். 1965-இல் அவர் காலமான பிறகு மூளையைச் சோதித்தபோது, பழைய சேதம் பெருமளவு அப்படியே இருந்தது. அழிந்த பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் கற்றுக்கொண்டிருந்தன!

எல்லா நோயாளிகளும் தவழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எல்லோரும் அவ்வளவு பூரணமாகக் குணமடைவார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பயிற்சியினால் மூளை புதிதாய்க் கற்கும் என்பதே இங்கே முக்கியம்.

விழும் அபாயமும் மெய்யானதே. நாம் நிலை தவறாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, உள்ளங்கால் ஆகியவை இடைவிடாமல் மூளைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பாரிச வாயு கண்டவருக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். பாதம் தொங்கி, விரல் நுனி தரையில் இடறலாம். நோயுற்ற பக்கத்து எலும்பும் நாளடைவில் வலுக் குறைகிறது. அந்தப் பக்கமாகவே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடியும் படுக்கைதான். படுத்தே கிடந்தாலோ தசைகள் இளைத்து, விழும் அபாயம் இன்னும் பெருகுகிறது.

ஆகையால், வைத்தியரும் உடற்பயிற்சி நிபுணரும் அனுமதித்த அளவில் தினந்தோறும் நடக்கச் செய்யுங்கள். கைத்தடி பலமுள்ள கையில் இருக்கட்டும். முதலில் தடி, அடுத்துப் பலமற்ற கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முந்த வேண்டும். இறங்கும்போது பலமற்ற கால் முந்த வேண்டும். துணைக்குச் செல்பவர் நோயுற்ற பக்கத்தில் சற்றுப் பின்னால் நிற்பது நலம். அந்தக் கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்க விடாமல், சிறிது நேரம் உட்காரச் செய்யுங்கள்; திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம். சட்டென்று திரும்புவதும் ஆபத்து. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். ஸ்நான அறையில் ஈரம் நிற்க வேண்டாம். சுவரில் கைப்பிடி ஒன்று பொருத்துங்கள். நடைவழியில் கிடக்கும் ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு பெரியவர் எழுந்து நின்றாரானால், "வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். அருகில் போய் நில்லுங்கள்.