பெயர் மாறிய மலை. அடியில் நகரும் நிலம்

புது தில்லி: அந்தமானின் சாத்தம் துறையில் நின்று வடக்கே பார்த்தால், துறைமுக நீருக்கு அப்பால் பசுமை போர்த்திய மலையொன்று தெரியும். 2021 அக்டோபர் வரை அதன் பெயர் மவுண்ட் ஹாரியட். இப்போது மவுண்ட் மணிப்பூர். உயரம் 383 மீட்டர். அந்தமானில் மூன்றாவது உயர்ந்த சிகரம் என்று சுற்றுலாக் கையேடுகள் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வடக்கு அந்தமானின் சேடில் சிகரம் (732 மீட்டர்) ஒருபுறமிருக்க, மத்திய அந்தமானின் டியாவோலோ மலையே 500 மீட்டரைத் தாண்டுகிறது.

பழைய பெயர் 1860-களில் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவியுடையது. புதிய பெயருக்குக் காரணம் 1891 ஆங்கிலேய - மணிப்பூர்ப் போர். அப்போரில் தோற்ற மகாராஜா குலசந்திர சிங்கும் 22 பேரும் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர். செல்லுலார் சிறை அன்று கட்டப்படவில்லை என்பதால் இம்மலையில் வைக்கப்பட்டனர். 1872 பிப்ரவரி 8 அன்று இம்மலையில் ஏறிச் சூரிய அஸ்தமனம் பார்த்து இறங்கிய வைஸ்ராய் மேயோ பிரபு, அடிவாரத்து ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார்.

அதே ஹோப் டவுனின் பெயர் நிலவியலாளர்களிடம் ஒரு பாறைத் தொகுதிக்கும் உண்டு. கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த அப்பாறையின் கற்களில் பல, ஒரு காலத்தில் ஆழ்கடலின் தரையாக இருந்தவை. இந்தியப் புவித்தட்டு கிழக்கு நோக்கிச் சென்று பர்மா தட்டின் அடியில் அமிழ்கிறது. அமிழும்போது அதன் மேற்படிவுகளும் கடற்தரையின் துண்டுகளும் சுரண்டப்பட்டு, மடிந்து, அடுக்கடுக்காக மேலெழுந்தன. அதுவே அந்தமான். மியான்மரின் அரக்கான் மலைத்தொடரின் நீட்சியாக வந்து, நிக்கோபார் வழியே சுமத்ராவை நோக்கிச் செல்கிறது இத்தொடர். சேடில் சிகரப் பகுதியில் பூமியின் மூடகத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறைகளையே காணலாம். இவை எரிமலை கக்கி உருவான மலைகள் அல்ல. எரிமலை வரிசை கிழக்கே தனியாக உள்ளது. நாட்டின் ஒரே செயல்படும் எரிமலையான பேரன் தீவு அதில்தான் இருக்கிறது.

நிலத்தை உயர்த்திய விசை ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த 9.1 அளவிலான நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலெழுந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பகுதியோ ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் நீர் புகுந்தது. தெற்குக் கோடியில், இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது.

அந்த முனை அமைந்த கிரேட் நிக்கோபாரில், 642 மீட்டர் உயர துல்லியர் மலை நிற்கும் தீவில், சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றுக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் இதற்காக ஒதுக்கப்படுகிறது. 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படலாம் என 2023-ல் மாநிலங்களவையில் அரசே தெரிவித்தது. ஈடாக மரம் நடும் இடம் ஹரியாணா!

மரக் கணக்கும் ஷோம்பென் பழங்குடியினரின் நிலையும் அவைகளில் எழுப்பப்படுவது சரியே. ஆனால் நிலத்தடிக் கேள்விக்கு அதே அழுத்தம் கிடைப்பதில்லை. தீவுகள் முழுவதும் நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் இருப்பதால், அதற்கேற்பக் கட்டலாம் என்பது அரசுத் தரப்பு. அதிர்வைத் தாங்கும் கட்டடம் எழுப்பலாம் என்பதில் ஐயமில்லை. ஒரே காலையில் 4 மீட்டர் இறங்கும் கரையில், கப்பல் அணையும் தளத்தை எந்த மட்டத்தில் அமைப்பது என்பதையே உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.