வளரிளம் பருவமும் குடும்ப உறவுகளும்

வளரிளம் பருவம் என்பது குழந்தைப் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் இடைப்பட்ட வளர்ச்சிக் காலம் ஆகும். உலக சுகாதார அமைப்பு 10 முதல் 19 வயது வரையுள்ளோரை இப்பருவத்தினராக வரையறுக்கின்றது. இக்காலத்தில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு பொதுவாக அறுந்து போவதில்லை. எதனை யார் முடிவு செய்வது என்பதே மாறத் தொடங்குகின்றது. வீட்டில் எழும் பூசல்கள் பலவும் இம்மாற்றத்தை ஒட்டியவை.

கொந்தளிப்புக் கருத்து

அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1904 இல் வெளியிட்ட நூலில் இப்பருவத்தைக் கொந்தளிப்பு மிக்க காலமாக விவரித்தார். அன்னா பிராய்ட் 1958 இல் எழுதிய கட்டுரையில், இவ்வயதில் எவ்விதக் கொந்தளிப்பும் இன்றி "நல்ல பிள்ளையாக" இருப்பதே இயல்புக்கு மாறானது என்ற கருத்தை முன்வைத்தார்.

இங்கிலாந்தின் வைட் தீவில் 14, 15 வயதினரிடம் மைக்கேல் ரட்டரும் பிறரும் நடத்திய ஆய்வு (1976) இதற்கு மாறான முடிவைத் தந்தது. பெற்றோரிடமிருந்து முற்றாக விலகிப் போதல் பொதுவாகக் காணப்படவில்லை. உளநலச் சிக்கல் உடையோரிடமே அது கூடுதலாகக் காணப்பட்டது. எனவே ஒரு பிள்ளை பெற்றோருடன் பேச்சையே நிறுத்திவிடும்போது "வயது அப்படி" என்று விட்டுவிடுவது, உதவி தேவைப்படும் பிள்ளையைக் கவனியாது விடுவதில் முடியலாம்.

பூசல்களின் பொருள்

பெற்றோரும் பிள்ளைகளும் பெரும்பாலும் மோதிக்கொள்வது அறம் அல்லது சமயம் போன்ற பெரிய கேள்விகளில் அன்று. உடை, முடி, வீட்டு வேலை, நண்பர்கள், வீடு திரும்பும் நேரம் போன்ற அன்றாடச் செய்திகளில்தான். இதற்கு ஜூடித் ஸ்மெட்டானா தரும் விளக்கம் பயனுள்ளது. திருடக் கூடாது, பிறரை அடிக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதைப் பிள்ளைகள் ஏற்கின்றனர். ஆனால் தமது அறை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளை தன் சொந்த விருப்பமாகவும், பெற்றோர் வீட்டு ஒழுங்காகவும் கருதுகின்றனர். ஒரே துணிக் குவியல் இரு வேறு வகைகளில் அடங்கிவிடுவதால், இரு தரப்பும் தத்தம் வகையில் நியாயமாகவே பேசுகின்றனர்.

பூசல்களின் எண்ணிக்கை இப்பருவத்தின் தொடக்கத்தில் மிகுந்து பின்னர் குறைகின்றது. ஆனால் நடுப்பகுதியில் சினத்தின் கடுமை கூடுகின்றது. தந்தையை விடத் தாயுடனேயே பூசல்கள் அதிகம். இவ்வயதில் உறக்கம் வரும் நேரம் உடலியல் காரணத்தால் பின்தள்ளிப் போகின்றது. காலையில் எழாத பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன் இதையும் கருத வேண்டும்.

நேரமும் நெருக்கமும்

சிகாகோ புறநகர்ப் பகுதிகளில் ரீட் லார்சன் குழுவினர் மாணவர்களிடம் பேஜர்களைக் கொடுத்து, அது ஒலிக்கும்போது யாருடன் என்ன செய்துகொண்டிருக்கின்றனர் என்று எழுதச் செய்தனர். ஐந்தாம் வகுப்பில் விழித்திருக்கும் நேரத்தில் 35 விழுக்காடாக இருந்த குடும்ப நேரம், பன்னிரண்டாம் வகுப்பில் 14 விழுக்காடாகக் குறைந்தது (1996). எனினும் தாயுடனோ தந்தையுடனோ தனியாக இருந்த நேரம் ஏறத்தாழ அப்படியே நீடித்தது. உடன்பிறந்தாரிடையே மூத்தவரின் ஆதிக்கம் தளர்ந்து சமநிலை கூடுகின்றது.

கண்காணிப்பும் நம்பிக்கையும்

தம் கண்காணிப்பினால்தான் பிள்ளையைப் பற்றி அறிந்திருப்பதாகப் பெற்றோர் எண்ணுவதுண்டு. ஹோக்கான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகியோர் சுவீடனில் 14 வயதினர் 703 பேரையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்து, பெற்றோர் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிள்ளைகள் தாமாக முன்வந்து சொன்னவையே என்று காட்டினர் (2000). பிள்ளை சொல்வதை நிறுத்திவிட்டால், கேள்விகளும் கட்டுப்பாடும் அந்த இடத்தை எளிதில் நிரப்புவதில்லை.

தமிழ்ச் சமூகத்தில்

தமிழ்ச் சமூகத்தில் பெண் பிள்ளைக்கு இம்மாற்றம் பூப்பு நீராட்டு விழா மூலம் ஊரறிய அறிவிக்கப்பட்டு வந்துள்ளது. ஈழத்தில் இது சாமத்தியச் சடங்கு எனப்படுகின்றது. தாய்மாமன் சீர் கொண்டு வருவது இவ்விழாவின் முக்கிய பகுதி. ஆண் பிள்ளைக்கு இதற்கு இணையான சடங்கு பரவலாக இல்லை. பல குடும்பங்களில் இதன் பின்னர் பெண்ணின் நடமாட்டம் சுருங்குகின்றது. அதே வயதில் அவளது சகோதரனுக்கு வெளியே சென்றுவரும் உரிமை கூடுகின்றது.