ஆறு கிழமை, ஆறு நாடு, ஒரு நீலப் புத்தகம்

ஞாயிறு இரவு. குசினி மேசையில் இருந்து இதை எழுதத் தொடங்குகிறோம். கதவோரம் இரண்டு பயணப் பைகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் கிடக்கின்றன. நாளை காலை ஐந்து மணிக்கு எங்களில் ஒருவருக்குத் தொழிற்சாலையில் முதல் சிவ்ற். மற்றவருக்கு ஆறு மணிக்குச் சமையற்கூடத்தில் வேலை.

ஆறு கிழமை ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தோம். ஹொலண்ட், பெல்ஜியம், லக்ஸம்பேர்க், பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ். நாங்கள் பெரிதாகப் படித்தவர்கள் அல்லர். யுத்தமும் இடப்பெயர்வும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டன. ஆனாலும் புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இதில் ஏதாவது பயன்படலாம் என்று நினைத்து எழுதுகிறோம்.

புறப்படும்போது எங்கள் சனம் சொன்னதை முதலில் சொல்லிவிட வேண்டும். "உங்களுக்கென்ன விசரே? அந்தக் காசுக்கு ஊரிலை ஒரு அறை கட்டலாம்" என்றார் அண்ணர் ஒருவர். அவர் சொன்னதிலும் பிழையில்லை. சீட்டுக்காசு, ஊருக்கு அனுப்பும் காசு, வீட்டு வாடகை என்று பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குச் சுற்றுலா என்பது வெட்கப்படவேண்டிய ஒரு சொல்தான்.

ஆனால் எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்களில் ஒருவர் இந்த ஐரோப்பாவை ஏற்கனவே ஒருமுறை கடந்தவர். 2011இல், லொறியின் பின்புறத்தில், இரவுகளில். எந்த நாட்டைக் கடக்கிறோம் என்பதே தெரியாது. டீசல் மணமும், படங்குத் துணியின் கிழிசலூடாகத் தெரிந்த தெருவிளக்குகளும்தான் அவர் கண்ட ஐரோப்பா. மற்றவர் 2016இல் குடும்ப இணைவு விசாவில் விமானத்தில் வந்தவர். ஜேர்மனியில் எங்கள் சின்ன நகரத்தைத் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை. கலியாணம் முடித்தும் ஐந்து வருடம் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தினோம். ஒருநாள் இருவரும் சேர்ந்து பகலில் அந்தப் பாதையைப் பார்க்கவேண்டும் என்று பேசிக்கொண்டதை இப்போதுதான் செய்ய முடிந்தது. வருட விடுமுறை முப்பது நாளையும் ஒன்றாக எடுத்தோம். இரண்டு வேலைத்தலங்களிலும் ஒரே கிழமைகளில் லீவு வாங்க ஒரு வருடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

முதலில் போனது அம்ஸ்ரடாம். அன்னா பிராங் குடும்பம் ஒளித்திருந்த வீட்டின் முன் நின்றோம். ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் பிராங்பேர்ட்டை விட்டு ஹொலண்டுக்கு ஓடிவந்த யூதக் குடும்பம் அது. வந்த இடத்துக்கும் அதே படை வந்தது. 1942 யூலை முதல் 1944 ஓகஸ்ற் வரை எட்டுப்பேர் ஒரு புத்தக அலுமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்தார்கள். பிடிபட்ட பின் உயிர் தப்பியவர் தகப்பன் மட்டும். அந்தச் செங்குத்தான படியில் ஏறும்போது எங்கள் இருவருக்கும் பங்கர் ஞாபகம் வந்தது. வெளியே வந்து வாய்க்கால் ஓரத்தில் கனநேரம் கதைக்காமல் இருந்தோம்.

அன்ற்வேர்ப்பனில் ரெட் ஸ்ரார் லைன் என்ற கப்பல் கொம்பனியின் பழைய கட்டடங்கள் இப்போது அருங்காட்சியகம். 1873 முதல் 1934 வரை சுமார் இருபது இலட்சம் ஐரோப்பியர்கள் அந்தக் கொம்பனியின் கப்பல்களில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். பஞ்சத்துக்கும் யூதர் மீதான அடிதடிக்கும் தப்பி ஓடியவர்கள் அதில் ஏராளம். மூன்றாம் வகுப்புப் பயணிகளை அந்தக் கட்டடத்தில்தான் குளிக்கவார்த்து, உடுப்பையும் பெட்டியையும் நோய்க்கிருமி போக அவித்து, கண்ணையும் தலையையும் சோதித்தார்கள். வருத்தம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கண்வருத்தம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வது? எங்களுடைய அகதி முகாமின் முதல் நாள் அப்படியே கண்முன் வந்தது. "இவையும் எங்களைப் போலத்தான் ஓடியிருக்கினம்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளைக்காரரைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறிவிட்டது என்பது உண்மை.

பாரிசில் லாச்சப்பலில் மூன்று நாள். மரக்கறிக் கடை, நகைக்கடை, புடைவைக்கடை, தமிழ் எழுத்துப் பலகைகள். மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டபோது பயணக் களை பறந்தது. ஆனால் மச்சாள் வீட்டில் ஒற்றை அறையில் நான்குபேர் படுத்தெழும்புவதையும் பார்த்தோம். படம் பிடித்து ஊருக்கு அனுப்பும்போது அந்த அறையை எவரும் அனுப்புவதில்லை. நாங்களும் அனுப்பவில்லை.

பிறகு தெற்கே மார்செய், அங்கிருந்து கடலோரமாக இத்தாலி. எல்லையில் வென்ரிமிலியா நிலையத்தில் ரெயின் மாற இறங்கினோம். மேடையில் கறுப்பின இளைஞர்கள் சிலர் சிறு பைகளுடன் குந்தியிருந்தார்கள். நாங்கள் வந்த பக்கத்துக்குப் போக அவர்கள் காத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த பிஸ்கற்றையும் தண்ணீரையும் கொடுத்தோம். ஒருவன் ஆங்கிலத்தில் "அங்கே பொலிஸ் நிற்கிறதா?" என்று கேட்டான். "நிற்கிறது" என்றோம். வேறென்ன சொல்வது?

மிலானோவில் பெரிய புகையிரத நிலையம் 1931இல் திறக்கப்பட்டது. மலை போன்ற கட்டடம். 2011இல் ஏஜென்சிக்காரன் எங்களில் ஒருவரை அங்கே ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "அசையாதை, ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒன்பது மணித்தியாலம். மலசலகூடம் போகவும் பயம். இப்போது இருவரும் அந்தத் தூணைத் தேடினோம். எல்லாத் தூணும் ஒரே மாதிரி. கடைசியில் "இதாய்த்தான் இருக்கும்" என்று ஒன்றைத் தீர்மானித்து, அதன் கீழ் இரண்டு கோப்பி வாங்கிக் குடித்தோம். ஒருவர் அழுதார். மற்றவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் ஆறு கிழமைச் செலவும் அந்த ஒரு கோப்பிக்காக என்றாலும் எங்களுக்குச் சரி.

ஜெனிவாவில் ஐ.நா. வாசலின் முன், கால் உடைந்த பெரிய மரக் கதிரையடியில் நின்றோம். கண்ணிவெடியில் காலிழந்தோருக்காக 1997இல் வைத்தது. எங்கள் சனம் கூடிக் குரல் கொடுக்கும் முற்றமும் அதுதான். 1951 யூலை 28இல் அகதிகள் உடன்படிக்கை கையெழுத்தானதும் இதே நகரத்தில். அதற்கும் முன்னரே, 1922இல், நான்சன் என்ற நோர்வேக்காரர் நாடிழந்த ரஷ்ய அகதிகளுக்கு ஒரு பயணப் பத்திரம் கண்டுபிடித்தார். எங்கள் கையில் இருக்கும் நீலப் புத்தகம் அதன் வழிவந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு இவ்விடத்தில் சில விடயங்கள். தஞ்ச வழக்கு முடியாதவர்கள் எல்லை தாண்ட நினைக்க வேண்டாம். எந்த விசாவில் இருந்தாலும் முதலில் ஆலோசனை நிலையத்தில் அல்லது சட்டத்தரணியிடம் கேளுங்கள். அகதி அந்தஸ்தும் நீலப் புத்தகமும் வதிவிட அட்டையும் உள்ளவர்கள், 180 நாளுக்குள் 90 நாள்வரை மற்றைய செங்கன் நாடுகளில் விசா இல்லாமல் நிற்கலாம். இரண்டையும் எப்போதும் கையில் வைத்திருங்கள். லண்டன் இதற்குள் அடங்காது. இன்ரறெயில் ரிக்கற் ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, இங்கே சட்டப்படி வசிப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் பிரான்சிலும் இத்தாலியிலும் விரைவு ரெயின்களுக்கு ஆசனப்பதிவுக் காசு வேறாகக் கட்ட வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல் முதல் கிழமையே கை சுட்டது.

பாசலில் இருந்து திரும்பும் ரெயினில் சீருடைக்காரர் இருவர் ஏறினர். ஜேர்மனி 2024 செப்ரெம்பரில் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியதை அறிந்துதான் இருந்தோம். எல்லாப் பத்திரமும் சரி. ஆனாலும் கை நடுங்கியது. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்ல பயணம்" என்று சொல்லித் தந்தார்கள். அவர்கள் போனபின் அதை நாங்களும் விரித்துப் பார்த்தோம். எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர என்று எழுதியிருந்தது.

ஆறு நாடு போகலாம். ஊருக்கு மட்டும் ஏலாது. எங்களில் ஒருவரின் தகப்பனார் 2019இல் காலமானார். செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தோம். தாயாருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ஒவ்வொரு ஞாயிறும் "எப்ப பிள்ளை வாறியள்?" என்று கேட்கிறா.

எங்கள் வீட்டில் நெடுநாளாக ஒரு பிணக்கு உண்டு. 2024 யூனில் வந்த சட்டப்படி, மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் ஐந்து வருடத்தில் ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் அம்மாவைப் போய்ப் பார்க்க ஒரு வழி பிறக்கும். ஒருவர் எடுப்போம் என்கிறார். மற்றவர், எடுத்தால் ஊரைக் கைவிட்டதுபோல் ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ரெயின் பிறைபேர்க் தாண்டும்போது அந்த மற்றவர் உண்மையைச் சொன்னார். ஊர் அல்ல, சோதினைதான் பயம். பள்ளிக்கூடத்தை விட்டபின் பேனை பிடித்துச் சோதினை எழுதியதில்லை. பெயிலானால் வெட்கம்.

அதைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முப்பத்துமூன்று கேள்வி, பதினேழு சரியென்றால் போதும். மொழிச் சோதினை வேறு. இத்தனை எல்லை தாண்டியவருக்கு அது ஒரு பாடமா?

விண்ணப்பப் படிவம் இப்போது மேசையில் பயணப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இனி ஒவ்வொரு இரவும் ஐந்து கேள்வி, ஒருவர் கேட்க மற்றவர் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தம். இன்றைய ஐந்தில் மூன்று சரி. உங்களிலும் யாராவது இதே பயத்தோடு இருந்தால், வெட்கப்படாமல் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். சேர்ந்து படிப்போம்.