நாகம் அணியுஞ் சட்டை

நாகம் என்னுஞ் சொல் பாம்பையுங் குறிக்கும். ஓர் உலோகத்தையுங் குறிக்கும். பாம்பு தன் சட்டையைக் கழற்றும். உலோகமாகிய நாகமோ சட்டையை அணிந்துகொள்ளும். காற்றுப்பட்ட நாகத்தின்மேல் ஒட்சைட்டும், பின்னர்க் காபனேற்றுஞ் சேர்ந்த மெல்லிய படலம் உண்டாகின்றது. நாகம் பூசிய வாளியுங் கூரைத் தகரமும் நெடுநாள் நிலைத்தற்கு இப்படலம் பெருந்துணையாகும். ஆயின், இத்தகைய சட்டை மின்கலத்துள் உண்டாகுமிடத்து, வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடுகின்றது. அஃது எங்ஙனம் எனக் காண்போம்.

மின்சூளில் இடப்படுங் காரமின்கலத்தில் நாகம் எதிர்முனை, மங்கனீசீரொட்சைட்டு நேர்முனை. செறிந்த பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசல் இரண்டையும் இணைக்கின்றது. கலந் தொழிற்படும்போது நாக அணு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களைக் கம்பிவழியே போக்கி, நான்கு ஐதரொட்சைட்டு அயன்களுடன் கூடிச் சிங்கேற்று அயனாகக் கரைகின்றது. இக்கரைதலே மின்னோட்டத்தின் ஊற்று. ஆதலின், நாகத்தின் மேற்பரப்பு கரைசலுக்குத் திறந்திருத்தல் இன்றியமையாதது.

மின்னோட்டம் மிகின் நாகம் விரைந்து கரையும். கரைந்த அயன்கள் விலகிச் செல்லுமுன் புதியன வந்து குவியும். ஐதரொட்சைட்டு அயன்களோ அவ்விடத்துக் குறையும். செறிந்த பாகிற் கற்கண்டு படிவதுபோல, அக்கரைசலினின்று நாகவொட்சைட்டு வெண்ணிறமாய்ப் படிகின்றது. இது முதல்வகைப் படலம். நுண்டுளைகள் உடைமையின் இது மின்னோட்டத்தை முற்றாக நிறுத்தாது. ஆயினும் அயன்களின் வரவை இது தடுப்பதால், இதனடியில் உலோகத்தோடு ஒட்டி இரண்டாம்வகைப் படலம் வளர்கின்றது. அது செறிவானது, கருமை சார்ந்தது. அது மூடியதுங் கரைதல் ஏறத்தாழ நின்றுவிடும். உள்ளே நாகம் எஞ்சியிருப்பினும் விளக்கு மங்கும். இவ்விருவகைகளையும் 1969இல் வேறுபடுத்தி விளக்கியோர் பவேர்சு, பிறைற்றர் என்னும் அறிஞராவர்.

இதனை வெல்லும் வழி யாது? ஒரே மின்னோட்டத்தைப் பரந்த பரப்பிற் பகிர்ந்தால், ஒவ்வோரிடத்துங் கரைதல் மெதுவாகும். 1950களில் அமெரிக்காவில் உலூயிசு ஊரி என்பவர் நாகத் திண்மத்தை விடுத்து நாகத்தூளை இட்டு வெற்றி கண்டது இம்முறையாலேயே. பக்கம் 1 சதமமீற்றர் உடைய கனத்தின் பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே பக்கம் 0.1 மில்லிமீற்றர் உடைய சிறு கனங்களாக்கின், மொத்தப் பரப்பு 600 சதுர சதமமீற்றராகும். மாணவர் இதனைத் தாமே கணித்துக் காண்க.

மங்கிய மின்சூளைச் சிறிதுபொழுது அணைத்துவைத்தபின் ஏற்றினால், ஒளி ஓரளவு மீள்வதுண்டு. குவிந்த அயன்கள் பரவிப்போதற்கு அவ்வோய்வு இடங்கொடுப்பது அதற்கு ஒரு காரணம்.

நாகம் விலை மலிந்தது. அதனோடு கூடிய நீர்க்கரைசல் தீப்பற்றாதது. பகலிற் கிடைக்கும் ஞாயிற்றின் மின்னை இரவுக்குச் சேமிக்க இதனினுஞ் சிறந்த பொருள் அரிதே. எனினும், மீளமீள மின்னேற்றுங்கால் படலம் ஒருபுறந் தடுக்கின்றது. மரக்கிளைபோல் வளரும் நாகம் மறுபுறம் இடைத்திரையைத் துளைக்கின்றது. இவ்விரு தடைகளையும் முற்றாய் நீக்கும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகின்றது. நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் இன்று நாகத்துண்டைக் கையிலேந்தும் மாணவருள் ஒருவர் நாளை அம்முயற்சியிற் பங்குகொள்வாராயின், அதனினும் பெரிய மகிழ்ச்சி ஆசிரியர்க்கு வேறில்லை.