கவுனைக் கழற்றும் வேலை, கழற்றாத வேலை

என் ஜூனியர் போன வாரம் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று, கோவையில் பம்பு செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த வேலை உத்தரவு. சட்டப் பிரிவில் உதவி மேலாளர், பதினைந்து நாளில் சேர வேண்டும். இன்னொன்று, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வின் பாடத்திட்டம். நீதிமன்றத்தில் எல்லோரும் ஏபிபி என்று சொல்லும் வேலை. "இதுல எதுங்க சார் நல்லது?" என்றாள்.

நான் வக்கீலாகப் பதிவு செய்த 1990களின் நடுவில் இப்படி ஒரு கேள்வியோடு சீனியர் முன் போய் நின்றிருந்தால், கேஸ் கட்டு பறந்து வந்திருக்கும். தொழில் ஓடாதவன் ஒதுங்கும் திண்ணைகள் என்றுதான் அன்று இரண்டுக்கும் பெயர்.

கம்பெனி வேலை என்றால் அப்போது கோவையில் மில்தான். 'லா ஆபீசர்' என்று ஒருவர் இருப்பார். பெர்சனல் மேனேஜர் அறையை ஒட்டி ஒரு நாற்காலி. தொழிலாளர் நீதிமன்ற வாய்தா தேதிகளைக் குறித்து வைப்பது, இ.எஸ்.ஐ., பி.எஃப். நோட்டீசுக்குப் பதில் எழுதுவது, நிலப் பத்திரங்களைப் பீரோவில் அடுக்குவது இவ்வளவுதான் வேலை. பணமில்லாமல் திரும்பும் காசோலையைக் குற்றமாக்கிய 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, நோட்டீஸ் அனுப்பும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. வாதாட வெளியிலிருந்து வக்கீல் வருவார். இவர் பின்பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருப்பார்.

ஏபிபி கதை வேறு. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்த காலத்தில், நாட்டின் பல இடங்களில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அரசுக்காக நின்றவர்கள் போலீஸ்காரர்களே. பிடித்தவரும் அவர்தான், வழக்கை நடத்தியவரும் அவர்தான். இதைப் பிரிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 14-வது அறிக்கையில் 1958-லேயே சொன்னது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியை ஏபிபி ஆக்கக் கூடாது என்று பொதுவிதி வகுத்தது. சட்டம் மாறியதே தவிர, வாய் மாறவில்லை. நான் கவுன் மாட்டியபோதும் அவருக்குப் 'போலீஸ் வக்கீல்' என்றுதான் பெயர்.

அப்படி ஒருவரைத் தினமும் பார்ப்பேன். பத்தரைக்கு நீதிபதி வந்து உட்காருவார். பத்து இருபத்தைந்துக்குக் கோர்ட் ஏட்டு கட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். வராண்டாவில் நின்றபடியே குற்றப்பத்திரிகையைப் புரட்டி, முதல் சாட்சியின் பெயரைக் கூப்பிட்டு, "என்னப்பா பார்த்த?" என்று இரண்டு வரி கேட்டுக்கொண்டு உள்ளே போவார். கூண்டில் ஏறிய சாட்சி, தான் எதையும் பார்க்கவில்லை, போலீஸ் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியது என்பான். பிறழ்சாட்சி என்று அறிவித்துவிட்டு, தன் சாட்சியையே தானே குறுக்கு விசாரணை செய்வார். ஒரு நாளைக்கு இப்படி ஐந்தாறு. எதிர்த் தரப்பில் நின்ற நாங்கள் சிரித்துக்கொள்வோம். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கற்றதை நாங்கள் கற்க ஐந்து வருடம் ஆகும் என்பது எங்களுக்கு அன்று உறைக்கவில்லை.

இன்று இரண்டு திண்ணைகளும் மாடியாகிவிட்டன.

கம்பெனிச் சட்டப் பிரிவுக்கு வித்திட்டது 1991-இன் தாராளமயம். 2013-இன் கம்பெனிச் சட்டம், 2016-இன் திவால் சட்டம், 2017-இல் ஜி.எஸ்.டி., 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒவ்வொன்றும் நாற்காலியைக் கூட்டின. பீரோச் சாவிக்குப் பதில் இப்போது லேப்டாப். எதிர்த் தரப்பு அனுப்பிய ஒப்பந்தத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருத்துவது, மத்தியஸ்தப் பிரிவில் எந்த ஊர் என்று மல்லுக்கட்டுவது, வெளி வக்கீலின் பில்லைக் குறைப்பது எல்லாம் வேலை. சட்டக் கல்லூரியிலிருந்து நேராக இங்கே போகிறவர்கள் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம். ஜூனியர் தொழிலில் அது இல்லை. கோவை, சென்னை, மதுரையில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த உத்தரவு வந்த மாதம் நான் கொடுத்துக்கொண்டிருந்த தொகையை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஏபிபி தேர்வு எழுத, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு தொழில் செய்திருக்க வேண்டும். 2021 அறிவிப்பில் 50 இடங்கள், தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அமர்வு நீதிமன்றத்தின் அரசு வழக்கு நடத்துநர்களான பிபிக்கள் ஆட்சி மாறினால் மாறுவார்கள். தேர்வெழுதி வந்த ஏபிபி மாறுவதில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, வழக்கு நடத்தும் இயக்குநரகத்துக்குப் படிநிலை வகுத்திருக்கிறது: பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளை இயக்குநர் கவனிக்க வேண்டும், ஏழிலிருந்து பத்துக்குள் துணை இயக்குநர், ஏழுக்குக் கீழே உதவி இயக்குநர். ஆனாலும் கட்டு வருவது இன்னமும் பத்து இருபத்தைந்துக்குத்தான். அது எந்தச் சட்டத்துக்கும் அடங்காது.

சம்பளத்தைத் தராசில் வைக்க யாருக்கும் நான் தேவையில்லை. ஜூனியரிடம் நான் பேசியது கவுனைப் பற்றி.

பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பளத்துக்குப் போகும் வக்கீல் தன் பதிவை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கம்பெனியில் பத்து வருடம் இருந்தால், அந்தப் பத்து வருடமும் வக்கீலாக இருந்த கணக்கில் சேராது. ஏபிபியும் மாதச் சம்பளம்தான் வாங்குகிறார். ஆனால் நீதிமன்றத்தில் வாதாடுவதே அவர் வேலை என்பதால், அவர் வக்கீலாகவே தொடர்கிறார் என்று தீபக் அகர்வால் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் மாவட்ட நீதிபதி பதவிக்கு வேண்டிய ஏழாண்டுக் கணக்கு அவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 2025 மே மாதம் உரிமையியல் நீதிபதி தேர்வுக்கும் மூன்றாண்டுத் தொழில் வேண்டும் என்று ஆனது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் இன்னொரு தீர்ப்பு: கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் காக்க வக்கீலுக்கு இருக்கும் முழு உரிமை, கம்பெனியின் சம்பள வக்கீலுக்குக் கிடையாது.

"அப்ப கம்பெனி வேண்டாங்கறீங்களா சார்?"

அப்படிச் சொல்லவில்லை. அரசுத் தரப்பில் பத்து வருடம் சாட்சிகளோடு மல்லாடியவரைக் கம்பெனிகள் கூப்பிட்டு உட்கார வைக்கும்; மோசடி, உள்விசாரணை என்று வந்தால் அந்தக் கண் அவர்களுக்கு வேண்டும். எதிர்த் திசையில் நடந்து வந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐந்தாண்டுக் குற்றவியல் தொழில் என்ற வாசலில் அவர் நின்றுவிடுவார். எனவே எது நல்லது என்பதைவிட எது முதலில் என்றுதான் கேட்க வேண்டும் என்றேன்.

சொல்வது சுலபம். அவள் பதிவு செய்து மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. ஏபிபி தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம் போக வேண்டும். அப்போது அறிவிப்பு வருமா என்பது டி.என்.பி.எஸ்.சி.க்குத்தான் வெளிச்சம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. 'கோர்ட்டிலேயே இரு' என்று சொல்லும் நானே அவளுக்குச் சம்பளம் கொடுப்பவன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், வழக்கம்போலக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கம்பெனிக்குப் பதில் எழுதிட்டியாம்மா?" என்றேன்.

"ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேனுங்க சார்."

வாய்தா கிடைத்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.