‘நீ’ என்றால் சீனத்திலும் நீதான்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்களில் பலர் அந்த ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. கல் கல்லேதான். காவிரி பாறையில் மோதித் தெறிக்கும் திவலை புகையாய் எழும் இடம். தமிழில் சொல் தொடக்கத்தில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிடும்: பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. தருமபுரி மாவட்டத்தின் எல்லையோரக் கிராமங்களில் இதை யாரும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. பாட்டியிடம் கன்னடம் அல்லது தெலுங்கு, தெருவில் தமிழ், புத்தகப் பையில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்கிறது. எந்த ஒலிக்கு எந்த ஒலி, யாரிடம் எந்தப் பேச்சு என்ற கணக்கு அதற்கு ஐந்து வயதிலேயே அத்துப்படி.

இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சீனம் எவ்வளவு தூரம்? கேள்வி வெறும் கற்பனை இல்லை. மலேசியாவில் ஏறத்தாழ 1300 சீனத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஏழு வயதில் அங்கே முதலாம் ஆண்டில் போய் உட்காரும் பிள்ளைகளில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பிள்ளை கொண்டுவரும் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, “எங்களுக்கே ஒரு எழுத்தும் தெரியாது, இதில் நாங்கள் எப்படி உதவுவது?” என்று அம்மா அப்பா கலங்குவது இயல்பு. அவர்கள் கையில் ஏற்கெனவே தமிழ் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய உதவி என்பது பலருக்குத் தெரியவில்லை.

முதல் சொல்லிலேயே தொடங்கலாம். சீனத்தில் ‘நீ’ என்றால் நீ. மரியாதையாக அழைக்க ‘நின்’ என்று வேறு சொல். நம்முடைய ‘நீங்கள்’ செய்யும் வேலையை அது செய்கிறது. நலம் கேட்க ‘நீ ஹாவ் மா?’ ஹாவ் என்றால் நல்ல. கடைசியில் வரும் ‘மா’தான் வாக்கியத்தைக் கேள்வியாக்குகிறது. நாமும் ‘நல்லா இருக்கியா’ என்று கடைசியில் ஓர் ஆகாரத்தை ஒட்டித்தானே கேட்கிறோம்? இரண்டு மொழிகளும் உறவுக்காரர்கள் இல்லை. ‘நீ’ ஒத்துப்போனது தற்செயல். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தற்செயல் ஒரு பரிசு. ‘இது எனக்குத் தெரிந்த ஒன்று’ என்ற தெம்போடு புது மொழிக்குள் கால் வைக்கலாம்.

உறவுமுறைக்கு வந்தால் ஒற்றுமை இன்னும் ஆழம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்ற நான்கையும் ஆங்கிலம் இரண்டே சொற்களில் அடக்கிவிடுகிறது. சீனம் அப்படிச் செய்வதில்லை. தம்பிக்கு ‘தீதி’, தங்கைக்கு ‘மெய்மெய்’, அண்ணனுக்கும் அக்காவுக்கும் வேறு வேறு சொற்கள். ‘மூத்தவரா இளையவரா?’ என்ற கேள்வி சீனப் பிள்ளையின் மனதிலும் நம் பிள்ளையின் மனதிலும் ஒன்றுபோல் ஓடுகிறது. எண்களைப் பாருங்கள். பதினொன்று என்பது பத்தும் ஒன்றும். சீனத்தில் அப்படியே ‘பத்து ஒன்று’. இருபது அங்கே ‘இரண்டு பத்து’, முப்பது ‘மூன்று பத்து’. நாம் தொண்ணூறில் திடீரென்று நூறுக்குத் தாவுகிறோம். அவர்கள் தாவாமல் ‘ஒன்பது பத்து’ என்றே போகிறார்கள். அது மட்டும்தான் நம் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டியது. பெய்ஜிங் பக்கத்துப் பேச்சில் எதிரே நிற்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ தனியாக உண்டு. ஆங்கில வழியே சீனம் கற்கிறவர்களுக்கு அதைப் பெரிய விளக்கத்தோடு சொல்ல வேண்டும். ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் வைத்திருக்கும் நமக்கு ஒரு வரி போதும்.

சிரமம் சுருதியில் இருக்கிறது. ‘மா’ என்ற ஒரே அசையை உயர்ந்த சமமான குரலில் சொன்னால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ்ந்து குழைந்து எழுந்தால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டு. குரல்வளையில் உள்ள இரண்டு சிறு மடிப்புகள் இழுபட்டு இறுகினால் வேகமாக அதிர்ந்து குரல் உயரும், தளர்ந்தால் தாழும். சிறுபிள்ளையின் மடிப்புகள் பேசும்போது விநாடிக்குச் சுமார் 300 முறை அதிர்கின்றன. அந்த இழுப்பையே ஓர் எழுத்தைப்போல் சீனம் பயன்படுத்துகிறது.

இது நமக்கு அறவே புதிதா? கதை கேட்கும் பிள்ளை ‘ம்’ கொட்டுவதைக் கவனியுங்கள். சமமாகச் சொன்னால் ‘சரி, மேலே சொல்லு’. ஏற்றிச் சொன்னால் ‘என்னது?’ இறக்கி அழுத்தினால் ‘புரிந்தது’. வாயே திறக்காமல் சுருதியை மட்டும் வைத்து மூன்று சேதி. பயிற்சியை இங்கிருந்தே தொடங்கலாம்: முதலில் ‘ம்’, பிறகு அதே மெட்டில் ‘மா’. தமிழில் சுருதி உணர்ச்சியைச் சொல்கிறது, சீனத்தில் சொல்லையே மாற்றுகிறது என்ற ஒரு வேறுபாட்டை மட்டும் பிள்ளை உணர வேண்டும். கேள்வி கேட்கும்போது குரலை ஏற்றும் நம் பழக்கம் அங்கே இடறிவிடும். அதனால்தான் கேள்விக்கென்றே வாக்கியக் கடைசியில் ஒரு ‘மா’ வந்து நிற்பது இவ்வளவு வசதி.

அடுத்தது மூச்சு. ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு ‘பல்’ என்று சொல்லுங்கள். தாள் அசையாது. சீனத்தில் இரண்டு பகரங்கள். ஒன்று நம் ‘பல்’லில் வரும் அதே ப. மற்றது தாள் படபடக்கும்படி காற்றோடு வெடிப்பது. க, த, ச வரிசைகளிலும் இதே இரட்டை. ஆங்கில எழுத்துகளில் சீன ஒலிகளை எழுதும் முறை 1958 முதல் வழக்கில் இருக்கிறது. அதில் நம் சாதாரண பகரத்தை ‘பஸ்’ஸின் முதல் எழுத்தாலும், காற்று வெடிக்கும் பகரத்தை ‘பென்’னின் முதல் எழுத்தாலும் குறிக்கிறார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளை அங்கே குழம்பும். ஆகவே ஒலி காதில் நன்றாக ஊறிய பிறகே அந்த எழுத்துகளைக் காட்டுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நாக்கை மடிப்பதோ நம் பிள்ளைக்கு விளையாட்டு. ட, ண, ள என்று மடித்து மடித்துப் பழகிய நாக்கு. ‘மனிதன்’ என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வாழைப்பழத்தை வாளப்பளம் ஆக்காத பிள்ளைக்கு அது எளிதில் வந்துவிடும்.

காது எப்போது வேலையைத் தொடங்குகிறது? 1984ல் கனடாவின் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் த, ட இரண்டையும் பிரித்தறிந்தார்கள். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலானவர்கள் அந்தத் திறனை இழந்திருந்தார்கள். நம் பிள்ளைக்கு ‘பாத்து’ வேறு, ‘பாட்டு’ வேறு. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த காதில் இரண்டும் ஒன்றாகிவிடும். தேவைப்படாத கதவை மூளை சாத்திவிடுகிறது.

சாத்திய கதவைத் திறப்பது யார்? 2003ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரிஷியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனம் பேசும் பெரியவர்களை உட்காரவைத்தார்கள். தலா 25 நிமிடம், மொத்தம் 12 முறை. படப் புத்தகம் வாசித்தார்கள், பொம்மை காட்டினார்கள். அந்த அமெரிக்கக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகக் கண்டுகொண்டார்கள். அதே ஆட்கள், அதே புத்தகங்கள், ஆனால் திரையில் மட்டும் என்று காட்டிய குழந்தைகள் எதையும் கற்கவில்லை. குழந்தை ஒலியை மட்டும் கேட்பதில்லை. கண் போகும் திசையை, சிரிப்பை, தனக்கென்று சொல்லப்படுவதைச் சேர்த்தே கேட்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் திரை ஓரளவு உதவலாம். ஆனாலும் வாரத்தில் சில நாட்களாவது சீனம் பேசும் ஓர் ஆள், விளையாட ஒரு தோழன் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

எழுத்துக்கு வருவோம். நமக்கு 247, சீனாவில் ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய 3000 எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கத்திய பாடத்திட்டம். கேட்டதும் மலைப்புத் தட்டும். ஆனால் அவை தனித்தனி 3000 படங்கள் அல்ல. ஒரு மரம் வரைந்தால் மரம், இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. இடப்பக்கம் மூன்று துளிக் கோடுகள் இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீர் சங்கதி: ஆறு, ஏரி, கடல். ‘அம்மா’வுக்கான எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. பெண் பொருளைச் சொல்கிறாள். குதிரைக்கு அங்கே வேலை ஒலியை நினைவூட்டுவது மட்டும், குதிரையும் ‘மா’தானே! பெரும்பாலான எழுத்துகள் இப்படிப் பொருளுக்கு ஒரு பாதி, ஒலிக்கு ஒரு பாதி என்று சேர்த்துக் கட்டியவை.

கையால் எழுதுவதை விட்டுவிடக் கூடாது. பெய்ஜிங் பிள்ளைகளிடம் நடந்த, 2005ல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புத் திறன் எழுதும் திறனோடு நெருங்கிப் பிணைந்திருந்தது தெரிந்தது. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று கோடுகளுக்கு வரிசை உண்டு. புள்ளிக் கோலம் போடப் பழகிய கைக்கு வரிசையின் அருமை தெரியும்.

எழுதிப் பழகும் சீன நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. அந்தக் கட்டத்தின் பெயரே ‘வயல் கட்டம்’. ‘வயல்’ என்ற எழுத்தும் அதே வடிவம்தான்: ஒரு சதுரம், நடுவே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வரப்புகள். தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நின்று பிள்ளைக்குக் கீழே இருக்கும் ராகி வயல்களைக் காட்டலாம். வீட்டுக்கு வந்ததும் வரையச் சொல்லுங்கள். பிறகு அதன் பெயரைக் கேளுங்கள். ‘தியென்’ என்று சொல்லும்போது தாள் படபடக்கிறதா என்று பாருங்கள், படபடக்க வேண்டும். குரல் கீழிருந்து மேலே ஏற வேண்டும். நீங்கள் சொல்லும்போது ஏறாமல் போனால் பிள்ளையே திருத்திவிடும்.